அத்தியாயம் 7: சம்பளத்துக்கு முன்னால் காலண்டர்

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், டென்ஷன் இல்லாத அக்கவுன்ட்ஸ் வேலை எங்க கிடைக்கும்?"

கேள்வியில் தப்பில்லை, தேடுகிற இடத்தில்தான் தப்பு. பெரிய கம்பெனி என்றால் நிம்மதி, ஆடிட்டர் ஆபீஸ் என்றால் அடிமாட்டு வேலை, அரசாங்க உத்தியோகம் என்றால் சொர்க்கம் என்று ஊரில் ஒரு பட்டியல் உலவுகிறது. பெரிய கம்பெனியில் மாதாமாதம் ஐந்து நாள் அரைத் தூக்கத்தில் ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு, எட்டு மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்களையும் தெரியும்.

கணக்கு வேலையில் ஒருவருடைய மாலை நேரம் யார் கையில் இருக்கிறது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. அந்த வேலை எந்தத் தேதிக்குக் கட்டுப்பட்டது? அந்தத் தேதிக்கு எத்தனை நாள் முன்பாகப் பில்லும் வவுச்சரும் உங்கள் மேசைக்கு வந்து சேருகின்றன? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் சம்பளம் பேசுவது, வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதற்குச் சமம்.

முதலில் தேதிகள்

கணக்கு எழுதுகிறவருக்கு மாதம் 1-ம் தேதி பிறப்பதில்லை, 7-ம் தேதிதான் பிறக்கிறது. போன மாதம் பிடித்த டி.டி.எஸ்.ஸை அன்றைக்குள் கட்ட வேண்டும். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, அதாவது விற்பனை விவரம். 14-ம் தேதி 2பி வரும். நாம் வாங்கிய சரக்குக்கான பில்லை விற்றவர் ஏற்றியிருக்கிறாரா என்று அதில்தான் சரிபார்க்க வேண்டும். 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ம் தேதி 3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

14 முதல் 20 வரை விரல் விட்டு எண்ணுங்கள். ஏழு நாள். எந்த மாதமானாலும் அதில் ஒரு ஞாயிறு உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? ஒரு ஆபீஸைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் தாக்கல் செய்யும் திட்டத்தில் சேரலாம். வரியை மட்டும் இடைப்பட்ட மாதங்களில் 25-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். இப்படிப்பட்ட சிறு வியாபாரிகள் அதிகமாக இருக்கும் ஆபீஸில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இனி வருடக் கணக்கு. மார்ச் 31 எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மே 31-ல் கடைசிக் காலாண்டின் டி.டி.எஸ். படிவம், ஜூலை 31-ல் மாதச் சம்பளக்காரர்களின் வருமான வரிப் படிவம், செப்டம்பர் 30-ல் வரித் தணிக்கை அறிக்கை, அதே நாளுக்குள் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம், அக்டோபர் 31-ல் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் வருமான வரிப் படிவம், டிசம்பர் 31-ல் ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கை. நடுவில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-களில் முன்கூட்டிய வரி. சில வருடங்களில் அரசு கெடுவை நீட்டிக்கும். செய்தி வந்ததும் ஆபீஸில் கைதட்டுவார்கள். கைதட்டாதீர்கள். வேலை குறைந்துவிடவில்லை, தீபாவளி வரைக்கும் இழுக்கப் போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இந்தத் தேதிகளை நம் வீட்டு தினசரி காலண்டரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவணி முகூர்த்தமும் தணிக்கை மும்முரமும் ஒன்றாக வருகின்றன. சரஸ்வதி பூஜையும் தீபாவளியும் பெரும்பாலான வருடங்களில் செப்டம்பர் 30-ஐயும் அக்டோபர் 31-ஐயும் சுற்றியே விழுகின்றன. பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பினால் 20-ம் தேதி வாசலில் நிற்கும். பங்குனித் தேர் என்றால் மார்ச் முடிவு.

2009 ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம். அப்போது ஈரோட்டில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் கிளம்புகிற நேரத்தில், ஒரு நூல் வியாபாரியின் கணக்கில் 270 ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. 5,410 ரூபாயை 5,140 என்று போட்டிருந்தேன். கண்டுபிடித்தபோது மணி ஒன்பதே கால். மண்டபத்துக்குப் போனபோது பந்தியில் கடைசி வரிசை எழுந்துகொண்டிருந்தது. அந்த நூல் வியாபாரி தன் பில்களை மூன்று நாளைக்கு முன்புதான் கொண்டுவந்து கொடுத்தார் என்பதைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

மஞ்சள் பை

காகிதம் எப்போது வருகிறது என்ற இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மாதம் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். 19-ம் தேதி இரவு ஏழரை. ஜவுளிக் கடை முதலாளி ஒருவர் துணிக்கடை மஞ்சள் பையோடு உள்ளே வருவார். "தம்பி, எல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுங்க. நாளைக்குத்தானுங்களே கடைசி?" பையைக் கவிழ்த்தால் கொள்முதல் பில், டீசல் ரசீது, கரூர் லாரி சர்வீஸின் எல்.ஆர். காபி, போன மாதப் பால் கணக்கு, ஒரு கல்யாணப் பத்திரிகை. பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் இருக்காது. கேட்டால், "பையன் வாட்ஸ்அப்ல அனுப்புவானுங்க" என்பார். பையன் இரவு பதினொன்றுக்கு அனுப்புவான்.

அந்த முதலாளி மோசமானவர் அல்ல. அவருக்குக் கெடு வைக்க ஆபீஸில் ஆள் இல்லை, அவ்வளவுதான். இதே ஊரில் இன்னொரு ஆடிட்டர் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: 5-ம் தேதிக்குள் பில் தராதவர்களின் 11-ம் தேதித் தாக்கலுக்கு நாங்கள் பொறுப்பல்ல. முதல் மூன்று மாதம் இரண்டு பார்ட்டிகள் கோபித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மற்றவர்களின் பைகள் 4-ம் தேதியே வர ஆரம்பித்தன. விற்பனை விவரம் தாமதமானால் வாங்கியவருக்கு அந்த மாத 2பி-யில் பில் தெரியாது, அவர் போன் போட்டுத் திட்டுவார் என்பது வியாபாரிகளுக்கு ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். இரண்டு ஆபீஸிலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏறத்தாழ ஒரே சம்பளம்.

ஆகவே, ஆடிட்டர் ஆபீஸ் என்றாலே ஓடாதீர்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பார்ட்டி என்று கேளுங்கள். எண்ணிக்கையை விட அந்தப் பார்ட்டிகளில் எத்தனை பேர் சொந்தமாக அக்கவுன்டன்ட் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். அக்கவுன்டன்ட் இருந்தால் டேலி டேட்டாவாக வரும், இல்லாவிட்டால் மஞ்சள் பையாக வரும். நீங்கள் சேரப்போவது பெய்ட் அசிஸ்டென்ட்டாகவா, சி.ஏ. ஆர்ட்டிகிளாகவா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம். பயிற்சி நேரம் வாரத்துக்கு 35 மணி என்பது சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் விதி. செப்டம்பரில் அந்த 35 புதன்கிழமையே முடிந்துபோகிற ஆபீஸ்களும் உண்டு. இரண்டு வருடம் வேலை கற்றுக்கொள்வதற்காக ஒருவர் தெரிந்தே அதை ஏற்கலாம். தெரியாமல் மாட்டிக்கொள்வதுதான் கூடாது.

கம்பெனி அக்கவுன்ட்ஸ்

மில், எக்ஸ்போர்ட் கம்பெனி, வால்வு பட்டறை, டீலர்ஷிப் போன்றவற்றில் பார்ட்டி ஒன்றுதான். அதனால் ஆடிட்டர் ஆபீஸைவிட நெருக்கடி குறைவு என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் இங்கே உங்களைப் பிடித்துவைக்கிறவர் வரி அதிகாரி அல்ல, லாரி டிரைவர்.

திருப்பூரிலோ சிவகாசியிலோ சரக்கு ஏறுவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேலும் மதிப்புள்ள சரக்கென்றால் ஈ-வே பில் இல்லாமல் வண்டி நகர முடியாது. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனமானால் ஈ-இன்வாய்ஸும் வேண்டும். இந்த வேலையைக் குடோன்காரர் கற்றுக்கொள்ளாத கம்பெனியில் அக்கவுன்டன்ட்தான் போட வேண்டும். இரவு பத்தரைக்கு போன் வரும். "தம்பி, தூங்கிட்டீங்களா? வண்டி நிக்குது. நம்பர் மாத்திட்டாங்க. கொஞ்சம் பார்ட்-பி மட்டும் அப்டேட் பண்ணிடுங்க." ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தினமும் அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு முழு மாலையை போனுக்குப் பக்கத்திலேயே கழிக்க வேண்டியிருக்கும். இன்டர்வியூவில் "டிஸ்பாட்ச் எத்தனை மணிக்குங்க? ஈ-வே பில் யார் போடுவாங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். தொழில் தெரிந்த பையன் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். உங்களுக்கு வேண்டிய பதிலும் கிடைத்துவிடும்.

பேங்கில் சி.சி. லிமிட் வைத்திருக்கும் கம்பெனியானால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். அதை உண்மையான ஸ்டாக்கை எண்ணித் தயாரிக்கிறார்களா, லிமிட்டுக்குத் தோதாகத் தயாரிக்கிறார்களா என்பது பிறகு உங்கள் தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். நேரம் மட்டும் நிம்மதியைத் தருவதில்லை. பழைய தேதி போட்டு என்ட்ரி திருத்தச் சொல்லும் இடத்தில் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு இறங்காது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாகியே ஆக வேண்டும். அந்தத் தடத்தில் இருப்பது உங்கள் பெயர், முதலாளியின் பெயர் அல்ல.

ஓ.எம்.ஆர். பக்கம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை, போரூர், கிண்டி, கோவையில் சரவணம்பட்டி, இங்கெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கை எழுதும் ஆபீஸ்கள் நிறைய இருக்கின்றன. வேலைக்கு அக்கவுன்ட்ஸ் பேயபிள், ரிசீவபிள், ரெக்கார்டு-டு-ரிப்போர்ட் என்று பெயர் இருக்கும். சனி, ஞாயிறு லீவு. பி.எஃப். சரியாகக் கட்டுவார்கள். புதிதாகப் படிப்பு முடித்தவருக்கு இது நல்ல வாசல் என்றே சொல்வேன்.

ஆனால் எந்த நாட்டுக்கு வேலை என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயார்க்கில் ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. சிட்னியின் ஒன்பது நமக்கு விடியற்காலை நாலரை. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் மாதங்களில் மூன்றரை. விடியலில் எழுந்து பழகியவருக்கு ஆஸ்திரேலியா வேலை வரப்பிரசாதம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இரவு ஷிஃப்ட்டுக்கு அலவன்ஸ் தருவார்கள். அதை உபரிப் பணமாக நினைக்காதீர்கள், தூக்கத்தை விற்ற பணம் அது. பெண்கள் இரவு வண்டி வீட்டு வாசல்வரை வருமா, தெருமுனையோடு நின்றுவிடுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அங்கே 20-ம் தேதிக்குப் பதிலாக மாத முடிவு. மாதத்தின் முதல் நான்கைந்து வேலை நாட்களுக்குள் புத்தகத்தை மூட வேண்டும். அந்த நாட்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சகஜம். மீதி மூன்று வாரம் பெரும்பாலும் நிதானமாக ஓடும். அமெரிக்க வரி வேலையானால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரைக்கும் தலை நிமிர முடியாது. இங்கிலாந்துத் தனிநபர் வரி வேலையானால் கெடு ஜனவரி 31, அதாவது பொங்கல் போச்சு. ஆஸ்திரேலியாவுக்கு வருடம் முடிவது ஜூன் 30. உங்கள் ஊர்த் திருவிழா எந்த மாதம் என்று யோசித்துவிட்டு நாட்டைத் தேர்ந்தெடுப்பது சிரிப்பாகத் தோன்றலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மற்றவை, சுருக்கமாக

பள்ளி, கல்லூரி, அறக்கட்டளைகளில் ஃபீஸ் வசூல் நடக்கும் மாதங்களும் தணிக்கைக் காலமும் போக மற்ற நாட்கள் மணியடித்தால் வீடு. சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். மருத்துவமனை வேறு கதை. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் மேசையில் உட்கார்த்திவிட்டால் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் சொந்தக்காரர்கள் உங்களைச் சுற்றியே நிற்பார்கள். ஜவுளி, நகைக் கடைகளில் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, அட்சய திருதியை நாட்களில் லீவைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. இரவு பில்லிங் மூடி கேஷ் டேலி ஆன பிறகுதான் ஷட்டர் இறங்கும்.

அரசு வேலை வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 4, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி உதவியாளர் தேர்வு, ரயில்வேயின் ஜூனியர் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட், மத்திய அரசின் சி.ஜி.எல். தேர்வு வழியாகத் தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸ் போன்ற இடங்களில் ஆடிட்டர், அக்கவுன்டன்ட் பணி என்று வழிகள் உண்டு. வேலை கிடைத்த பிறகு வரும் நிம்மதி நிஜம்தான். கிடைப்பதற்கு முன் கோச்சிங் சென்டரில் போகும் வருடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் யோசனை: பகல் ஷிஃப்ட் வேலை ஒன்றில் இருந்துகொண்டே இரண்டு தடவை எழுதுங்கள். மூன்றாம் தடவை எழுதுவதா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இன்டர்வியூவுக்கு முந்தின இரவு

புது சட்டை வாங்குவதை விட உருப்படியான காரியம் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் இரவு ஏழரைக்கு அந்த ஆபீஸ் இருக்கும் தெருவுக்குப் போய் ஒரு டீ குடியுங்கள். 18, 19-ம் தேதிகளில் போனால் இன்னும் நல்லது. எத்தனை வண்டி நிற்கிறது? மாடியில் எத்தனை ஜன்னலில் விளக்கு? டீக்கடைக்காரரிடம், "அண்ணே, இவங்க எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?" என்று கேளுங்கள். எந்த எச்.ஆரும் சொல்லாத உண்மையை அவர் சொல்லுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கோவையில் இப்படிப் போனபோது, "இவங்களுக்கா? ராத்திரி பத்து மணிக்கு இருபது பரோட்டா பார்சல் போகும்மா" என்று பதில் வந்தது. மறுநாள் இன்டர்வியூவுக்கே அவள் போகவில்லை. அவசரப்பட்டாள் என்று அப்போது அவளைத் திட்டினேன். இப்போது திட்டமாட்டேன்.

உள்ளே போனதும், "ஒர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி சார்?" என்று கேட்டுவைக்காதீர்கள். வேலைக்கு முன்னாலேயே லீவு கேட்கிறான் என்ற எண்ணம் வந்துவிடும். கேள்வியைத் தொழில் பாஷையில் கேளுங்கள்.

"சார், பார்ட்டிங்க பில்லு எந்தத் தேதிக்குள்ள கொடுப்பாங்க?"

"அப்படின்னு ஒண்ணும் இல்லப்பா. வர்றப்ப வரும்."

இந்தப் பதில் வந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வர்றப்ப வரும்.

"பேங்க் ரீகன்சிலியேஷன் தினமும் போடறீங்களா சார், மாசக் கடைசியிலயா?" "போன மாசம் 3பி எத்தனாம் தேதி போட்டீங்க?" 18 என்று சொன்னால் நல்ல ஆபீஸ். 20 இரவு பதினொன்றரை என்று பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். "இந்த சீட்ல முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க சார்?" என்ற கேள்விக்கு வரும் பதிலை விட, பதில் வருவதற்கு முன் வரும் மௌனத்தைக் கவனியுங்கள். முடிந்தால் அந்த முன்னாள் ஊழியரையே தேடிப் பிடியுங்கள். ஈரோடு, கரூர் மாதிரி ஊரில் அது ஒரு போன் தூரம்தான்.

இன்னொன்று. காலை பத்து மணி இன்டர்வியூவுக்கு உங்களைப் பன்னிரண்டரை வரை உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஆபீஸைப் பாருங்கள். மேசை மேல் பில் கட்டுகளின் உயரம், தரையில் ஃபைல், யாராவது சத்தம் போடுகிறார்களா, சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்திருக்கிறார்களா. அந்த இரண்டரை மணி நேரம் உங்களுக்கு இலவச டெமோ.

ஆர்டர் கையில் வந்ததும்

இரண்டு ஆர்டர் வந்தால் பெரிய தொகையைப் பார்க்காதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஆவடியில் வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனி 20,000 ரூபாய் தருகிறது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்று 17,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒன்பது மணி நேரம், மாதம் 25 நாள். ஒரகடத்துக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஆக, நாளைக்கு 13 மணி நேரம், மாதத்துக்கு 325. போக்குவரத்துக்கு 2,500 போனால் மிச்சம் 17,500. மணிக்கு 54 ரூபாய் கூட வரவில்லை. அம்பத்தூருக்கு அரை மணிதான். நாளைக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 250. பெட்ரோல் 500 போனால் 16,500. மணிக்கு 66 ரூபாய். கணக்குப் படித்தவர்கள் இந்தக் கணக்கை மட்டும் ஏனோ போடுவதில்லை.

சி.டி.சி. என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பேசிக் 15,000, சி.டி.சி. 20,000 என்றால் முதலாளி கட்டும் பி.எஃப். 1,800 அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு இன்னொரு 1,800 போனால் கைக்கு 16,400. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ.யும் பிடித்தால் இன்னும் குறையும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதை நஷ்டம் என்று எண்ணாதீர்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியில், "உனக்கு இ.எஸ்.ஐ. வேண்டாம், கையிலயே தர்றோம்" என்று சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். தன் ஊழியர் விஷயத்தில் சட்டத்தை வளைக்கிறவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் நேராக வைத்திருக்கமாட்டார்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி; அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது அது. ஆண்டுக்கு ஒன்பது நாள் தேசிய, பண்டிகை விடுமுறைக்கு 1958-ம் வருடத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. சேர்ந்த முதல் வாரமே சட்டப் புத்தகத்தோடு முதலாளி முன் நிற்கச் சொல்லவில்லை. எது உரிமை, எது தயவு என்று தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளலாம். பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களிடம் வேலையே வேண்டாம்.

சேர்ந்த முதல் மூன்று மாதம்

நல்ல இடம் கிடைத்தாலும் முதல் மூன்று மாதத்தில் நீங்கள் பழக்கும் பழக்கம்தான் நிலைக்கும். முதல் வாரத்தில் இரவு ஒன்பதுக்கு வந்த போனை எடுத்தீர்களானால் அது பிறகு தினப்படி. எடுக்காமல் இருந்துவிட்டு, காலை ஒன்பதுக்கு நீங்களாகக் கூப்பிட்டு, "அண்ணே, நேத்து கூப்பிட்டிருந்தீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு மாதத்தில் அவரும் காலையில் கூப்பிடப் பழகிவிடுவார். 19, 20-ம் தேதிகளில் மட்டும் எடுத்துவிடுங்கள், அது தொழில் மரியாதை.

தினமும் காலையில் முதல் அரை மணி நேரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டை என்ட்ரியோடு ஒத்துப்பார்த்து டிக் அடியுங்கள். மாதக் கடைசியில் 400 வரியைத் தேடுவதும் தினமும் 15 வரியைப் பார்ப்பதும் ஒன்றல்ல. விவரம் தெரியாத தொகையை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு மறக்காதீர்கள்; அன்றைக்கே கேட்டால் முதலாளிக்கு ஞாபகம் இருக்கும், செப்டம்பரில் கேட்டால் உங்களைத்தான் முறைப்பார். 2பி-யில் வராத பில்களின் பட்டியலை 14-ம் தேதி மாலையே எடுத்து, விற்றவர்களுக்கு அன்றே செய்தி அனுப்புங்கள். எக்செல்லில் வி-லுக்அப்பும் பைவட் டேபிளும் நன்றாகத் தெரிந்தால் இந்தப் பட்டியல் இருபது நிமிட வேலை. தெரியாதவருக்கு இரண்டு நாள் ஆகும். இந்த வேலையில் வீட்டுக்குச் சீக்கிரம் போகிறவர்களில் பாதிப் பேர் கெட்டிக்காரர்கள் அல்ல, எக்செல் தெரிந்தவர்கள்.

முதலாளியின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் உங்கள் மேசை டிராயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கை என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நீங்கள் இல்லாமல் ஒரு பேமென்ட் கூடப் போகாது, நீங்களும் எங்கேயும் போக முடியாது.

லீவு விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். டிசம்பர் கடைசியில் மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ ஓசி காலண்டர் தருவார்கள். ஒன்றை ஆபீஸ் சுவரில் மாட்டி, இந்த அத்தியாயத்தில் சொன்ன தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தில் உங்களுக்கு வேண்டிய லீவு நாட்களைப் பச்சையில் வட்டமிட்டு, ஜனவரி முதல் வாரமே முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கேட்டால் முகம் சுளிக்கிற அதே மனிதர், ஐந்து மாதம் முன்பே கேட்டால் யோசிக்காமல் தலையாட்டுவார்.

என் தம்பிக்குப் பெண் பார்த்து முடித்து, ஜோசியர் ஆவணியில் இரண்டு, வைகாசியில் மூன்று என்று முகூர்த்த நாட்கள் குறித்துக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அக்கா சொல்லிவிட்டாள், "வைகாசியிலயே வெச்சிரலாங்க." கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் நான் குதிரை வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதறி எடுத்துப் பார்த்தால் சமையல்காரர். வாழை இலை இன்னும் ஒரு கட்டு வேண்டுமாம்.